பதிவு திருத்தப்பட்டுள்ளது

நான் இதுவரை எழுதியவற்றில் ஒரு குடும்பத்தையே நிலைகுலைய வைத்தது இரண்டு சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம். "பதிவு திருத்தப்பட்டுள்ளது." எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அது எந்தச் சிவப்பில் திரையில் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யத்தான் கால் மணி நேரம் ஆனது. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று இதிலேயே தெரிந்துவிடும் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூடப்பட்டது. ஆறு மாதம் அங்கேயே வேலை தேடிவிட்டு ஊருக்குத் திரும்பினேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நான்கு கம்ப்யூட்டர்களை வைத்துக் கடை திறந்தேன். சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் பரீட்சை ரிசல்ட் பார்த்துக் கொடுப்பதும் பயோடேட்டா அடித்துக் கொடுப்பதும்தான் வேலை. ஜாவா தெரிந்தவன் அடுத்தவன் பயோடேட்டாவில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தால் மனதில் என்ன ஊறுமோ அது எனக்கும் ஊறியது. யாராவது என் அறிவைக் கேட்டு வரமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

கேட்டு வந்தவர் எங்கள் பங்குச்சாமியார். எங்கள் ஊர் வடமதுரை ரோட்டில் இருக்கிறது. சுற்றிலும் வெங்காயமும் பூவும் போடுகிற காடுகள், நடுவில் கோயில். கோயில் ஆபீஸ் பீரோவில் கரையான் ஏறி ஞானஸ்நானப் புத்தகங்களைத் தின்றுவிட்டது. கரையான் ஓரத்திலிருந்துதான் தின்னும். அந்தப் புத்தகங்களிலோ ஓரத்துக்குத்தான் அதிக மதிப்பு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை நடுவில் எழுதுவார்கள். பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து உறுதிபூசுதல் என்கிற அடுத்த சடங்கை வாங்கினால் அதையும், கல்யாணம் ஆனால் எந்த ஊர்க் கோயிலில் யாரோடு என்பதையும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். ஒருவருக்கு வேறு ஊரில் கல்யாணம் நடந்தாலும் அங்கிருந்து கடிதம் வந்து இங்கே ஓரத்தில் ஏறிவிடும். ஆக, ஒரு ஆள் கல்யாணம் ஆகாதவரா என்று தெரிய வேண்டுமென்றால் அந்த ஓரத்தைப் பார்த்தால் போதும். மிச்சமிருப்பதையாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும், அதை யாரும் கைவைக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்றார் சாமியார்.

கைவைக்க முடியாதபடி என்ற சொல் போதுமாக இருந்தது எனக்கு. சாதாரணமாக எவனும் ஒரு பாஸ்வேர்டு வைத்து ஃபைலைப் பூட்டியிருப்பான். நான் இணையத்திலிருந்து ஒரு ரகசியக் குறியீட்டு லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பை, இரண்டு நாள் டயல்-அப்பில் இறக்கினேன். நாலு தடவை லைன் அறுந்தது. அந்த லைப்ரரியிடம் ஒரு பதிவின் எழுத்துகளையும் ஒரு பாஸ்வேர்டையும் கொடுத்தால், பாஸ்வேர்டோடு கொஞ்சம் உப்புச் சேர்த்து, அந்தத் துறையில் அதற்குப் பெயரே உப்புதான், ஆயிரம் தடவை அரைத்து ஒரு சாவி செய்யும். அந்தச் சாவியைக் கொண்டு பதிவுக்கு ஒரு முத்திரை எண் போடும். பதிவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. பாஸ்வேர்டு தெரியாத எவனும் புது முத்திரை போட முடியாது. பொருந்தினால் பச்சையில் 'பதிவு சரியாக உள்ளது' என்றும், பொருந்தாவிட்டால் சிவப்பில் நான் முதலில் சொன்ன வாக்கியமும் வரும்படி எழுதினேன். சாமியாருக்குச் செய்துகாட்டியபோது, இம்புட்டு வேலை இருக்கா இதுக்குள்ள என்று வியந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு, அவ்வளவு பெருமை.

பதிவுகளைத் தட்டச்சு செய்தவர் ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள், கோயம்புத்தூரில் இரண்டு வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். கரையான் தின்ற ஓரங்களில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க அக்கா வீடு வீடாகப் போனார். பழைய சான்றிதழ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் வாங்கி வந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். எட்டு மாதம் ஆனது. பதிவை அடிப்பது அவர், பாஸ்வேர்டு போட்டு முத்திரை வைப்பது சாமியார் மட்டும் என்பதுதான் என் ஏற்பாடு. சாமியார் ஒரே வாரத்தில் சலித்துப்போய் பாஸ்வேர்டை அக்காவிடமே சொல்லிவிட்டார்.

அந்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் வீட்டுப் பங்கில், அதாவது அவர்கள் ஊர்க் கோயிலில், நடந்தது. அங்கிருந்து கடிதம் வந்ததும் என் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அக்கா அதை ஏற்றினார். நான் ஏதோ ஒரு வேலையாக ஆபீஸுக்குப் போயிருந்தேன். கூப்பிட்டுத் திரையைக் காட்டி, ஓரத்துல எழுதியாச்சு தம்பி, இனி நீ எங்கிட்டுப் போனாலும் தப்பிக்க முடியாது என்று சிரித்தார். பச்சை எழுத்து வந்தது. நானும் சிரித்தேன்.

மறுவருடம் மே மாதம் சாமியாருக்கு மாற்றலானது. புதிதாக வந்தவர் இளைஞர், கறாரானவர். பழைய சாமியார் கொத்துச் சாவியோடு பாஸ்வேர்டையும் ஒரு கவரில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது அக்காவுக்கும் தெரியும் என்று அறிந்ததும் புதியவர் அதை மாற்ற வேண்டும் என்றார். சரியான யோசனை. அதற்கென்று ஒரு திரை எழுதிக் கொடுத்தேன். பழைய பாஸ்வேர்டைக் கேட்டு, புதியதைக் கேட்டு, எல்லாப் பதிவுகளுக்கும் புது முத்திரை வைத்துவிடும். கடையில் நானே பத்துப் பொய்ப் பதிவுகளை அடித்துச் சோதித்தேன். பத்தும் பச்சை. அப்புறம்தான் கோயில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

ஜூன் முழுக்கப் பள்ளிச் சேர்க்கைக்காக ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். எல்லாம் மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள். எல்லாம் பச்சை. சாமியார் என்னைப் பார்த்தபோது பாராட்டினார்.

ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ஒட்டன்சத்திரம் பக்கம், மார்க்கெட்டிலிருந்து காய்கறி அனுப்புகிற குடும்பம். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று. அதற்கு முன் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் மாப்பிள்ளையின் பங்குக்குப் போக வேண்டும். முதல் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாமியார் அவள் பதிவைத் திறந்தார். சிவப்பு வந்தது.

அவர் நியாயமான ஆள். முதலில் மற்றவர்கள் பதிவையும் பார்த்திருக்கிறார். சிறு பிள்ளைகளுக்குப் பச்சை. பெரியவர்களில் பலருக்குச் சிவப்பு. எனக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னார். நான் போய் உட்கார்ந்து இன்னும் இருபது பதிவுகளைத் திறந்தேன். ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஓரக்குறிப்பு இல்லாத பதிவுகள் எல்லாம் பச்சை, ஓரக்குறிப்பு உள்ள பழைய பதிவுகள் எல்லாம் சிவப்பு. ஓரக்குறிப்புகளை அடித்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பழைய பாஸ்வேர்டு தெரியும், புதியது தெரியாது. புதியது வந்த பிறகு ஓரங்களில் கைவைத்திருக்கிறார், முத்திரை மட்டும் வைக்க முடியவில்லை. இதை நான் அந்த மேஜையிலேயே ஒரு தாளில் படம் போட்டு சாமியாருக்கு விளக்கினேன். அவ்வளவு அழகாக எதையும் நான் அதற்கு முன்னும் விளக்கியதில்லை, பின்னும் விளக்கியதில்லை.

என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். முத்திரை அதைச் சொல்லாது, மாறியிருப்பதை மட்டும்தான் சொல்லும் என்றேன். பழைய நகல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பாஸ்வேர்டை மாற்றும் முன் எடுத்த சிடி என் கடை அலமாரியில் இருந்தது. அதைப் போட்டு ஒப்பிட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. அதெல்லாம் தேவையே இல்லை ஃபாதர், கணக்கு பொய் சொல்லாது என்றேன். சிடியை வைத்துச் சரிபார்ப்பது என் முத்திரைக்கு அவமானம் என்று தோன்றியது. இப்படி எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது அதுதான்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். பந்தல்காரனுக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்திருந்தார். சாமியார் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி கேள்விதான். நான் தொடவில்லை என்றார் அக்கா. பழைய பாஸ்வேர்டு தெரியும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏந் தம்பி, அந்த மிஷினு நான் மாத்துனேன்னு சொல்லுதா, இல்ல மாறியிருக்குன்னு மட்டுந்தேன் சொல்லுதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கம்ப்யூட்டர் படித்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. முத்திரை பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்பது மட்டும்தான் அர்த்தம். பதிவு மாறியிருக்கலாம், பாஸ்வேர்டு தப்பாக இருக்கலாம், முத்திரை வைத்தவனே தப்பாக வைத்திருக்கலாம். லைப்ரரி எனக்குத் தந்தது ஆம், இல்லை என்ற பதில் மட்டும். 'திருத்தப்பட்டுள்ளது' என்பது லைப்ரரியின் சொல் இல்லை, என் சொல்.

அந்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படவில்லை. ஒரு வாரம் பொறுங்கள், விசாரித்துக்கொள்கிறேன் என்றுதான் சாமியார் சொன்னார். ஆனால் ஓலை நின்றதும் ஊர் தானாக விசாரிக்க ஆரம்பித்தது. பெண்ணின் பதிவு ஓரத்தில் ஏதோ அழிக்கப்பட்டிருக்கிறதாம். ஓரத்தில் என்ன இருக்கும்? கல்யாணம் இருக்கும். கோயம்புத்தூரில் இரண்டு வருடம் இருந்தாளே. பெற்ற தாயே ஆபீஸில் இருக்கும்போது அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இதில் ஒரு வரியும் நான் சொன்னதில்லை. ஆனால் முதல் வரியை நான்தான் கொடுத்திருந்தேன், மிச்சத்தை அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் மாப்பிள்ளையின் அப்பா சாமியாருக்குப் போன் செய்து, தப்பா எடுத்துக்காதீங்க சாமி, இது ஒத்து வராதுங்க என்று சொல்லிவிட்டார்.

அக்காவை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவராக ஆபீஸ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான அட்வெந்து தொடங்கும் முன்னால் வீட்டைக் காலி செய்து ஆத்தூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மகள் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கிவிட்டாளாம். வருத்தமாக இருந்தது. பாவம், எதற்காக இப்படிச் செய்தாரோ என்று என் மனைவியிடம் சொன்னது நினைவிருக்கிறது. சிவப்பு வருகிற மற்ற பதிவுகளை, தேவைப்படும்போது இரண்டு சாட்சி வைத்து ஒவ்வொன்றாகப் புது முத்திரை வைத்துக்கொள்ளச் சாமியாருக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். பெற்றோரின் கல்யாண விவரம் வேண்டும் என்று சாமியார் என் பதிவைத் திறந்தார். திறந்துவிட்டுச் சிரித்தார்.

"என்னப்பா, உன் பதிவையும் யாரோ திருத்தியிருக்காங்களே."

திரையைத் திருப்பிக் காட்டினார். நான் தேர்ந்தெடுத்த அதே சிவப்பு. கீழே என் பெயர், ஓரத்தில் என் கல்யாணம், தேதி, மனைவி பெயர், அவள் பங்கின் பெயர். எல்லாம் சரி. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. என் பதிவை யார் திருத்துவார்கள், எதற்காகத் திருத்துவார்கள்? அந்தக் கேள்வியை இன்னொருவருக்காக நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. எனக்கென்று வந்தபோது உடனே கேட்டேன்.

கோயில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, சிடியைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன். பதிவுகளும் ஓரங்களும் பாஸ்வேர்டை மாற்றும் முன் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. அக்கா மகளின் ஓரத்தில் அன்றும் இன்றும் ஒரே ஒரு குறிப்பு, உறுதிபூசுதல். பிறகு என் நிரலைத் திறந்து படித்தேன். பாஸ்வேர்டு மாற்றும் திரையில்தான் இருந்தது. அன்றாடம் முத்திரை வைக்கும்போது பதிவையும் ஓரக்குறிப்பையும் சேர்த்துக் கணக்கிடுவேன். ஓரக்குறிப்புகளைத் தனி அட்டவணையில் வைத்திருந்தேன். பாஸ்வேர்டு மாற்றும்போது பதிவை மட்டும் எடுத்துக் கணக்கிட்டு முத்திரை வைத்திருக்கிறேன், ஓரத்தை மறந்துவிட்டேன். ஓரம் காலியாக இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஓரத்தில் எதையாவது வைத்திருந்த அத்தனை பேரும் குற்றவாளிகள் ஆனார்கள். நான் கடையில் அடித்துப் பார்த்த பத்துப் பொய் ஆட்களில் ஒருவருக்கும் நான் கல்யாணம் செய்து வைத்திருக்கவில்லை. ஒரு வரி சேர்த்தேன். சரியாகிவிட்டது.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். மாப்பிள்ளையின் பங்குக்குக் கடிதம் எழுதலாமா என்று அவர் யோசித்து விசாரித்ததில் அவனுக்கு அந்தத் தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. அந்தப் பையனின் ஓரத்தில் அதை எழுதியும் இருப்பார்கள்.

ஆத்தூருக்குப் போனேன். அக்கா தம்பி வீட்டின் பின்னால் தென்னை ஓலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஒரு ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டார். குழந்தை பிறந்ததைக் கேட்டார், என்ன பெயர் என்று கேட்டார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். ஓரக்குறிப்பு, அட்டவணை, முத்திரை என்று என்னென்னமோ சொன்னேன். இடையில் நிறுத்தி, தப்பு என்னுடையது என்றேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன சொல்லுது மிஷினு?"

"சரியா இருக்குன்னு சொல்லுதுக்கா."

"ஆருகிட்ட சொல்லுது?"

அக்கா கையிலிருந்த ஓலையைப் பின்னினார். பிறகு தலைநிமிராமல் சொன்னார்.

"எம் மகளுக்கு ஓலை வாசிக்க வேண்டிய எடத்துல நின்னு சாமியார வாசிக்கச் சொல்லு தம்பி. எம் மகளும் தப்புப் பண்ணல, நானும் பண்ணல, நீதேன் தப்பா எழுதிட்டன்னு. அம்புட்டுத்தேன் எனக்கு வேணும்."

செய்கிறேன் என்றேன். நிச்சயம் செய்கிறேன் என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

சாமியார் உடனே ஒத்துக்கொண்டார். என்ன வாசிக்க வேண்டும் என்று நீயே எழுதிக் கொடு, அப்படியே வாசிக்கிறேன் என்றார். கடையில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியதில் எல்லாம் இருந்தது. அக்காவின் பெயர், அவர் மகள் பெயர், என் பெயர், என் பிழை. அந்தச் சமயம் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்காரர்கள் சிலர் எங்கள் கோயிலுக்கு வருபவர்கள். என் பெயரை எடுத்தேன். என் பெயர் இல்லாமல் அக்கா பெயர் மட்டும் இருந்தால் பழைய பேச்சைக் கிளறியதாகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லி அதையும் எடுத்தேன். கடைசியில் அடித்து முடித்தது இதுதான். "நமது பங்கு அலுவலகக் கணினியில் ஏற்பட்டிருந்த தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டுள்ளது. சிலருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." சாமியார் அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிவில், ஓலை வாசிக்கிற நேரத்தில் அதை வாசித்தார். முன்னால் இரண்டு கல்யாண ஓலை, பின்னால் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு அறிவிப்பு, நடுவில் இது. யாரும் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கம் யாரோ நிமிர்ந்து உட்கார்வது தெரிந்து திரும்பினேன். கடைசி வரிசையில் அக்காவும் அவர் மகளும் இருந்தார்கள். சாமியார் சொல்லி அனுப்பியிருப்பார் போல, இரண்டு பஸ் மாறி, காலைப் பூசைக்கு நேரத்தோடு வந்திருந்தார்கள். மகள் புதுச்சேலை கட்டியிருந்தாள். மறைக்கல்வி அறிவிப்பு முடிந்த பிறகும் அக்கா சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வாசிக்க வேண்டியது பாக்கி இருக்கிற மாதிரி. சாமியார் தாளை மடித்தார். எல்லோரும் இறுதி ஆசீருக்கு எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். அப்போதாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். கோயிலில் இருந்த முந்நூறு பேருக்கும் என்னைத் தெரியும், கத்தக்கூட வேண்டியதில்லை.

வெளியே வந்தபோது இருவரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிழலில்லாத இடத்தில் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள். பஸ் வரக் கால் மணி நேரம் ஆனது. நான் ரோட்டைக் கடக்கவில்லை.